நிறுத்துங்கன்னு சொல்லாம எப்படி கவுன்சலிங் பண்றது? வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல குடிப்பழக்கம் பத்தி ரெண்டு கேள்விக்கு பதில் எழுதினேன், அதுக்கப்புறம் வந்த லெட்டரும் வாட்ஸப் மெசேஜும் இன்னும் படிச்சு முடியல. "எங்க வீட்டுக்காரரை எப்படி நிறுத்த வெக்கிறது"ன்னு கேட்டவங்க எவ்வளவு பேரோ, கிட்டத்தட்ட அதே அளவுக்கு "நானும் டி-அடிக்‌ஷன் கவுன்சலர் ஆகணும், என்ன பண்ணணும்"னு கேட்டவங்களும் இருக்காங்க. இருபத்திரண்டு வருஷமா இந்த வேலையில இருக்கேன், அதுல பாதிக்கு மேல புதுசா வர்ற கவுன்சலர்களுக்கு டிரெயினிங் குடுக்கறதுலயே போயிருக்கு, அதனால இந்த தடவை முழுக்க அதையே எடுத்துக்கறேன்.

எம்.எஸ்சி சைக்காலஜி முடிச்சிருக்கேன் மேடம். ஆன்லைன்ல மூணு நாள் அடிக்‌ஷன் கவுன்சலிங் கோர்ஸ் இருக்கு, சர்ட்டிஃபிகேட்டும் தர்றாங்க. அது போதுமா? (வாசகி, விருதுநகர்)

போதாதும்மா. கோர்ஸுக்கு போக வேணாம்னு சொல்லல, போயிட்டு வாங்க, ஆனா அந்த பேப்பரை மட்டும் நம்பி ஒரு மனுஷன் எதிர்ல போய் உக்காந்துராதீங்க. ஏன்னு சொல்றேன்.

டிரெயினிங் முதல் நாள் நான் பாடமே எடுக்க மாட்டேன். ரெண்டு பிளாஸ்டிக் சேரை எதிரெதிர போட்டு, ஒருத்தரை குடிக்கிறவரா உக்கார வெப்பேன், இன்னொருத்தர் கவுன்சலர். பேசுங்கன்னு விட்டுட்டு ஓரமா உக்காந்து நோட்டுல கோடு போட்டுக்கிட்டே இருப்பேன், கவுன்சலர் ஒரு அட்வைஸ் சொன்னா ஒரு கோடு. போன பேட்ச்ல ஒரு பொண்ணு, எம்.எஸ்.டபிள்யூ முடிச்ச நல்ல பொண்ணு, அஞ்சே நிமிஷத்துல பதினாலு கோடு. "பிள்ளைங்க முகத்தை பாருங்கண்ணா", "லிவர் போயிரும்ணா", "நாளையில இருந்து தொட மாட்டேன்னு சொல்லுங்கண்ணா". எதிர்ல உக்காந்திருந்த தம்பி கடைசில "சரிக்கா, நிறுத்திடறேன்"னுட்டான், அந்த பொண்ணு முகத்துல அவ்ளோ சந்தோஷம். நான் அவன்கிட்ட கேட்டேன், நிஜமாவே அந்த நேரத்துல உனக்கு என்னடா தோணுச்சுன்னு. "எப்ப விடுவாங்க, வெளிய போய் ஒரு கட்டிங் போடலாம்னு இருந்துச்சு மேடம்"னான். அவனுக்கு குடிப்பழக்கமே கிடையாதுங்க, நடிக்கும்போதே அப்படி தோணியிருக்கு.

நம்ம ஊர்ல வளர்ந்த எல்லாருக்கும் அட்வைஸ் பண்றது ரத்தத்துல ஊறினது. அத்தை மாமால இருந்து டீக்கடை வரைக்கும் அதைத்தான் கேட்டு வளர்ந்திருக்கோம். அதை வாயில இருந்து எடுக்கறதுக்கே எனக்கு டிரெயினிங்ல பாதி நாள் போயிருது, மூணு நாள்ல அது போகாது.

மோட்டிவேஷனல் இன்டர்வியூயிங்னு ஒரு முறை இருக்கு, இன்னைக்கு உலகம் முழுக்க அடிக்‌ஷன் கவுன்சலர்களுக்கு அதைத்தான் முதல்ல சொல்லித் தர்றாங்க. வில்லியம் மில்லர்னு ஒரு அமெரிக்க சைக்காலஜிஸ்ட், 1982ல நார்வேக்கு போயிருந்தப்போ அங்க இருந்த இளம் சைக்காலஜிஸ்டுங்க முன்னாடி ரோல் பிளே பண்ணி காட்டியிருக்கார். அவங்க நடுநடுவுல நிறுத்தி நிறுத்தி "இப்ப ஏன் இந்த கேள்வி கேட்டீங்க, ஏன் இதை விட்டுட்டு அதை பிடிச்சீங்க"ன்னு குடைஞ்சிருக்காங்க. அதுக்கு பதில் சொல்லப் போய்தான் தான் என்ன பண்றோம்ங்கறதே அவருக்கு தெளிவாச்சு, 1983ல அதை கட்டுரையா எழுதினார். ஒரு டிரெயினிங் ரூம்ல கத்துக்க வந்தவங்க கேட்ட கேள்வியில பொறந்த முறைங்க அது, அதனாலயே எனக்கு அது மேல தனி பிரியம். விஷயம் சுருக்கமா இதுதான்: குடிக்கிறவருக்குள்ள நிறுத்தணும்ங்கற மனசும் இருக்கும், குடிக்கணும்ங்கற மனசும் இருக்கும், நீங்க "நிறுத்து" பக்கம் நின்னு பேசினா அவர் தானா "குடி" பக்கம் நின்னு வாதாட ஆரம்பிச்சிருவார். நிறுத்தறதுக்கான காரணம் அவர் வாயில இருந்து வரணும், அது வர்ற மாதிரி கேக்கறதுதான் உங்க வேலை. "குடிச்சா என்ன கெடுதல் தெரியுமா"ன்னு கேக்கறதுக்கு பதிலா "குடிக்கறதுல உங்களுக்கு பிடிச்சது என்னண்ணா"ன்னு ஒருக்கா கேட்டுப் பாருங்க. அதைச் சொல்லி முடிச்சிட்டு அவரே "ஆனா..."ன்னு ஆரம்பிப்பார். அந்த "ஆனா"வுக்காக காத்திருக்கணும்.

இதே மில்லரும் சில பேரும் பின்னாடி இன்னொண்ணும் பண்ணினாங்க, ஏற்கனவே வேலையில இருக்கற கவுன்சலர்களுக்கு ஒர்க்‌ஷாப் நடத்தி, அவங்க பேசினதை ரெக்கார்ட் பண்ணி கேட்டுப் பாத்தாங்க. ஒர்க்‌ஷாப்போட நின்னவங்களை விட, அப்புறமும் ஃபீட்பேக்கும் கோச்சிங்கும் கிடைச்சவங்கதான் நல்லா தேறினாங்க. அதனால கோர்ஸ் தேடும்போது எத்தனை நாள், என்ன சர்ட்டிஃபிகேட்னு பாக்காதீங்க, நான் கிளையன்ட்டோட பேசறதை யாராவது பக்கத்துல இருந்து பாத்து திருத்துவாங்களான்னு கேளுங்க.

எங்க போறதுன்னா, சென்னை இந்திரா நகர்ல 1980ல சாந்தி ரங்கநாதன் அம்மா ஆரம்பிச்ச டி.டி.கே. ஆஸ்பத்திரி இருக்கு, நாட்டுலயே இந்த துறையில முன்னோடி, ரொம்ப வருஷமா டிரெயினிங்கும் குடுக்கறாங்க. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரியில போதை சிகிச்சைக்குன்னே தனி மையம் இருக்கு, காசியாபாத்ல எய்ம்ஸோட தேசிய போதை சிகிச்சை மையம் இருக்கு. இலங்கையில கொழும்பு திட்டம்ங்கற பல நாட்டு அமைப்பு 1973லயே போதைத் தடுப்புக்கு ஒரு பிரிவு ஆரம்பிச்சாங்க, அவங்க மூலமா வந்த யுனிவர்சல் ட்ரீட்மென்ட் கரிக்குலம்னு ஒரு பாடத்திட்டம் பல நாடுகள்ல ஓடுது, அது கிடைச்சா விடாதீங்க. ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கங்க, எம்.எஸ்சி முடிச்சா கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆயிட முடியாது, அதுக்கு ஆர்.சி.ஐ.ங்கற இந்திய மறுவாழ்வு கவுன்சில்ல பதிவு வேணும், நோய்க்கு பேர் வெக்கறதும் மாத்திரை சொல்றதும் நம்ம வேலை இல்ல.

வாங்கம்மா, ஆள் தேவை. 2019ல வந்த மத்திய அரசு சர்வே ரிப்போர்ட்படி குடிக்கு அடிமையானவங்கள்ல 38 பேர்ல ஒருத்தருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைச்சிருக்கு. மீதி 37 பேரும் நம்ம தெருவுலதான் இருக்காங்க.

என் தம்பிக்கு தெரியாம சாப்பாட்டுல கலந்து குடுக்கற மாத்திரை வாங்கித் தர்றேன்னு ஒருத்தர் சொல்றார். குடுக்கலாமா? (வாசகி, சேலம்)

குடுக்காதீங்க. அந்த மாதிரி விக்கறதுல பல சமயம் டைசல்ஃபிராம் இருக்கும். அது உள்ள இருக்கும்போது குடிச்சா முகம் ரத்தமா சிவந்து, நெஞ்சு படபடன்னு அடிச்சு, வாந்தி வந்து, பிரஷர் சர்ருனு இறங்கிரும், உயிரே போகலாம். டாக்டர் பாத்து, இதை சாப்பிட்டா குடிக்கவே கூடாதுன்னு தெரிஞ்சு அவரே ஒத்துக்கிட்டு எடுத்தா அது நல்ல மருந்து, தெரியாம குடுத்தா விஷம். அதோட என்னைக்கு அவருக்கு விஷயம் தெரியுதோ அன்னைக்கு உங்க கையால சோறு வாங்கி திங்க மாட்டார்.

நான் ஆட்டோ ஓட்டறேன் மேடம், பத்தாவது வரை படிப்பு. 14 வருஷம் குடிச்சேன், இப்ப நிறுத்தி 4 வருஷம் ஆச்சு. ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைக்கறவங்க கூடிப் பேசற குழு) மீட்டிங் விடாம போறேன். குடிச்சவனுக்குத்தான் குடிச்சவன் வலி தெரியும்னு சொல்றாங்க, நான் கவுன்சலர் ஆக முடியுமா? (வாசகர், மதுரை)

முதல்ல அந்த 4 வருஷத்துக்கு என் கும்பிடு அண்ணே. ஏ.ஏ.ங்கறதே 1935ல அமெரிக்காவுல ஆக்ரன்ங்கற ஊர்ல, குடிச்சு அழிஞ்ச ரெண்டு பேர் ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கிட்டதுல ஆரம்பிச்சதுதான், அதனால உங்களுக்கு இருக்கற தகுதியை நான் லேசா சொல்லவே மாட்டேன். அரசு உதவியில நடக்கற திட்டங்கள்லயும் மீண்டு வந்தவங்களை பியர் எஜுகேட்டரா, அதாவது தன்னை மாதிரி ஆளுங்களுக்கு எடுத்துச் சொல்றவரா, இருக்கற இடத்துக்கே தேடிப் போய் பேசற அவுட்ரீச் வேலைக்கு எடுக்கறாங்க. பஸ் ஸ்டாண்ட்ல படுத்துக் கிடக்கறவர் பக்கத்துல போய் உக்காந்து டீ வாங்கிக் குடுத்து பேச உங்களால முடியும், எம்.எஸ்சி படிச்ச பிள்ளைக்கு அது வர ரொம்ப நாள் ஆகும். 1989ல மஞ்சக்குடியில டி.டி.கே. காரங்க கிராமத்துக்குள்ளயே போய் சிகிச்சை முகாம் போட்டாங்களே, அது மாதிரி முகாம் நடக்கணும்னா ஊர்க்காரங்க கூட நின்னு, ஆளை கூட்டிட்டு வந்து, முடிஞ்ச பிறகும் வீட்டுல போய் பாத்துக்கணும். அந்த வேலைக்கு உங்களை மாதிரி ஆளுங்கதான் வேணும்.

ஆனா கவுன்சலர் சேர்ல உக்காரணும்னா நீங்களும் கத்துக்கணும், உங்களுக்கு இதுல ஒரு தனி கஷ்டம் இருக்கு. எங்கிட்ட டிரெயினிங் வந்த ஒரு அண்ணன், ஆறு வருஷம் குடிக்காதவர், ரோல் பிளேயில கிளையன்ட் ரெண்டு வரி பேசினதும் "எனக்கும் அப்படித்தான் தம்பி"ன்னு ஆரம்பிச்சார், மீதி நேரம் முழுக்க அவர் கதைதான். மனசார சொன்ன கதை, கேட்ட எங்களுக்கே கண்ணு கலங்கிருச்சு. ஆனா அந்த தம்பி வாயையே திறக்கல. நம்ம கதை நமக்கு மருந்து, அடுத்தவனுக்கு எந்த அளவுன்னு தெரிஞ்சுதான் குடுக்கணும். நீங்க கோயிலுக்கு மாலை போட்டு நிறுத்தியிருப்பீங்க, அவன் மாத்திரையில நிறுத்துவான், இன்னொருத்தன் வேலையை மாத்தினா நிறுத்துவான், எல்லாரும் என் வழியிலதான் வரணும்னு மனசு அடம் பிடிக்கும், அதை கவனிக்கணும். பக்கத்துல இருக்கற மையத்துல முதல்ல ஆறு மாசம் வாலன்டியரா போங்க, சரக்கு வாடை அடிக்கற ஆளுங்களோட நாள் பூரா இருக்கறது உங்களை என்ன பண்ணுதுன்னு பாருங்க. கை பரபரன்னுச்சுன்னா அன்னைக்கே ஏ.ஏ.ல உங்களுக்கு வழிகாட்டற சீனியர், உங்க ஸ்பான்சர்கிட்ட சொல்லிருங்க.

ராத்திரி 11 மணிக்கு வேன்ல நாலு பேர் வந்து என் கணவரை தூக்கிட்டு போனாங்க. நான்தான் போன் பண்ணி சொன்னேன். 20 நாள் கழிச்சு பாக்க போனா கால்ல சங்கிலி போட்ட தழும்பு. கேட்டா "இது கவுன்சலிங்ல ஒரு பகுதி"ங்கறாங்க. நான் தப்பு பண்ணிட்டனா? (பெயர் வேண்டாம், திருப்பூர் மாவட்டம்)

நீங்க தப்பு பண்ணலம்மா, வேற வழி தெரியாம ஒரு போன் பண்ணினீங்க. தப்பு பண்ணினது அவங்க. சங்கிலி போடறது எந்த ஊர் கவுன்சலிங்லயும் இல்ல. 2017 மனநலப் பாதுகாப்பு சட்டம் குடி, போதையால வர்ற மனநல பாதிப்புக்கும் பொருந்தும், அதுல சங்கிலி போடறதுக்கு எந்த விதத்துலயும் அனுமதி இல்லன்னு தெளிவா இருக்கு. ஒருத்தரை அவர் இஷ்டம் இல்லாம சேர்க்கணும்னா கூட மனநல டாக்டரும் இன்னொரு டாக்டரோ மனநல நிபுணரோ தனித்தனியா பாத்து எழுதணும். முதல்ல அவரை அங்கிருந்து கூட்டிட்டு வந்து மாவட்ட தலைமை ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுல காட்டுங்க, தழும்பை போட்டோ எடுத்து வெச்சுக்கங்க, கலெக்டர் ஆபீஸ்லயும் மனநல மறுஆய்வு வாரியத்துலயும் புகார் குடுங்க. யார்கிட்ட கேக்கறதுன்னு தெரியலன்னா 14416, அரசோட மனநல உதவி டெலிமானஸ் நம்பர், தமிழ்லயே பேசுவாங்க.

இதுல பயம் என்னன்னா, தினமும் நிறைய குடிக்கறவர் திடீர்னு நிறுத்தினா சில மணி நேரத்துலயே நடுக்கம் ஆரம்பிச்சிரும், முதல் ரெண்டு நாளுக்குள்ள ஃபிட்ஸ் வரலாம், ரெண்டாவது மூணாவது நாள் வாக்குல ஆள் யாருன்னே தெரியாம குழம்பி, சுவத்துல பூச்சி ஊருதுன்னு தட்டிக்கிட்டு இருப்பாங்க. சிகிச்சை இல்லன்னா அதுல செத்துப் போறவங்க உண்டு. அந்த நேரத்துல மனுஷனை ரூம்ல போட்டு பூட்டினா என்ன ஆகும்? அதனாலதான் எங்கிட்ட டிரெயினிங் வர்ற பிள்ளைங்களுக்கு நான் முதல்ல சொல்லிக் குடுக்கற கேள்வி "கடைசியா எப்ப குடிச்சீங்க?" ஒரு தடவை புதுசா வந்த தம்பி ஒருத்தன் ஃபாரத்தை வெச்சுக்கிட்டு குடும்ப விவரம் எல்லாம் வரிசையா கேட்டு எழுதிக்கிட்டு இருந்தான், எதிர்ல இருந்தவர் டீ டம்ளரை ரெண்டு கையாலயும் பிடிச்சிருக்கார், அப்பவும் டீ தளும்பி வேட்டியில ஊத்துது, வேர்த்துக் கொட்டுது. தம்பி நிமிர்ந்தே பாக்கல. நான் பேனாவை வாங்கி வெச்சிட்டு டாக்டரை கூப்பிடச் சொன்னேன். அன்னைக்கு ராத்திரி அவருக்கு ஃபிட்ஸ் வந்துச்சு, ஆனா ஆஸ்பத்திரி பெட்ல வந்துச்சு, பக்கத்துல நர்ஸ் இருந்தாங்க. கவுன்சலிங்கை நாலு நாள் கழிச்சு பாத்துக்கலாம், உடம்பு முதல்ல.

உங்களுக்கும் பேச ஒரு இடம் வேணும்மா. குடிக்கறவங்க வீட்டு ஆளுங்களுக்குன்னே ஆல்-அனான்னு குழு இருக்கு, பக்கத்து ஊர்ல நடக்குதான்னு விசாரிங்க.

எங்க ஸ்கூல்ல எட்டாவது பசங்க கூட உதட்டுக்குள்ள பாக்கு பவுச் வெச்சுக்கறாங்க. போதை எதிர்ப்பு தினத்துக்கு கேன்சர் படம் காட்டி, திருந்தின ஒருத்தரை பேச வெக்கலாம்னு இருக்கோம். சரியா? (ஆசிரியை, தஞ்சாவூர்)

டீச்சர், உங்க அக்கறை எனக்கு புரியுது, ஆனா ரெண்டுமே பலன் தர்றதில்ல. ஐ.நா. போதைத் தடுப்பு அலுவலகம் 2013ல உலகம் முழுக்க நடந்த ஆய்வுகளை அலசி ஒரு வழிகாட்டி போட்டாங்க, 2018ல உலக சுகாதார நிறுவனத்தோட சேர்ந்து மறுபடி திருத்தினாங்க. பயமுறுத்தறது, வெறும் தகவல் சொல்றது, மீண்டவரை கூட்டிட்டு வந்து சாட்சி சொல்ல வெக்கறது, இதெல்லாம் ஸ்கூல் பிள்ளைங்ககிட்ட எடுபடறதில்ல, சில நேரம் எதிரா போகுதுன்னு அதுல இருக்கு. யோசிச்சு பாருங்க, எதிர்ல நிக்கறவர் எல்லாம் போட்டுட்டு இன்னைக்கு நல்லாத்தானே இருக்கார், மேடையில மாலை வேற போடறாங்க. அமெரிக்காவுல 1983ல லாஸ் ஏஞ்சலீஸ்ல போலீஸ்காரங்களை வகுப்புக்கு அனுப்பி 'டேர்'னு ஒரு திட்டம் ஆரம்பிச்சு நாடு முழுக்க பரவுச்சு, பின்னாடி ஆய்வு பண்ணினா பசங்க பழக்கத்துல பெருசா எந்த மாத்தமும் இல்ல.

ஒரு நாள் விழாவை விட்டுட்டு வாரம் ஒரு பீரியட்னு கொஞ்ச மாசம் எடுங்க. பேச்சு வேணாம், பழக்குங்க. பையனை நிக்க வெச்சு, "ஒரே ஒரு தடவைடா, பயந்தாங்கொள்ளி"ன்னு நாலு பேர் சூழ்ந்து கேக்கற மாதிரி நடிக்க விடுங்க, தலை குனியாம, சண்டையும் போடாம எப்படி விலகறதுன்னு அவனே வார்த்தை கண்டுபிடிக்கட்டும். இன்னொண்ணு, பேர் எழுதாத துண்டு சீட்டுல "நம்ம கிளாஸ்ல எத்தனை பேர் போடறாங்கன்னு நினைக்கற? நீ போடறியா?"ன்னு ரெண்டு கேள்வி எழுத வெச்சு, நீங்க கூட்டிப் பாத்து சொல்லுங்க. எல்லாரும் போடறாங்கன்னு நினைச்சுக்கிட்டு இருப்பானுங்க, நிஜமா போடறவன் அதை விட ரொம்ப கம்மியாத்தான் இருப்பான். அந்த நம்பர் பண்ற வேலையை எந்த கேன்சர் படமும் பண்ணாது. மாட்டிக்கிட்ட பையனை ஸ்கூலை விட்டு மட்டும் அனுப்பிராதீங்க டீச்சர், அவன் போற அடுத்த இடம் அந்த பெட்டிக்கடை வாசல்தான்.

அண்ணன் ஆன்லைன் ரம்மியில 4 லட்சம் விட்டுட்டான். கூட்டிட்டு போன சென்டர்ல குடி கேஸ் மட்டும்தான் பாப்போம்னுட்டாங்க. இதுக்கு கவுன்சலிங் உண்டா? (வாசகி, கோவை)

உண்டு. 2013ல இருந்தே சூதாட்டத்தை மதுவோட, போதைப்பொருளோட ஒரே வரிசையில மருத்துவ நோய்ப்பட்டியல்ல வெச்சிருக்காங்க. நிம்ஹான்ஸ்ல 2014ல செல்போன், இன்டர்நெட் பழக்கத்துக்குன்னே ஷட் கிளினிக் ஆரம்பிச்சாங்க. குடி கேஸ்ல தேறின கவுன்சலருக்கு பாதி ஏற்கனவே தெரியும், மீதியை கத்துக்கணும். அது என்னன்னா, குடிக்கறவருக்கு தன் கிளாஸே எதிரின்னு தெரியும், ஆடறவருக்கு அடுத்த ஆட்டம்தான் மருந்து, விட்டதை பிடிச்சிட்டா எல்லாம் சரியாயிரும்னு நிஜமாவே நம்புவார். அந்த கணக்கை உடைக்கணும். பணம் கைக்கு வர்ற வழியை அடைக்கணும், சம்பளம் கொஞ்ச நாளைக்கு வேற ஒருத்தர் அக்கவுன்ட்ல, யு.பி.ஐ. ஆப் போன்ல வேணாம், எல்லாம் அவர் சம்மதத்தோட. கடனை நீங்க மொத்தமா அடைச்சிராதீங்க, அடைச்சா அது அவருக்கு புது சீட்டு. 2025 ஆகஸ்ட்ல பணம் வெச்சு ஆடற ஆன்லைன் கேமை தடை பண்ணி பார்லிமென்ட்ல சட்டம் நிறைவேத்தினாங்க, ஆனா சட்டம் வந்ததும் அண்ணன் மனசுல இருக்கற ஆட்டம் நின்னுராது.

இன்னைக்கே ஒண்ணு பண்ணுங்கம்மா, பக்கத்துல உக்காந்து "செத்துரலாம்னு தோணுதாண்ணா"ன்னு நேரா கேளுங்க. கேட்டா அந்த நினைப்பு வந்துரும்னு பயப்படாதீங்க, அப்படி வராது. ஆமான்னு சொன்னா தனியா விடாம உடனே ஆஸ்பத்திரி.

ரெண்டு வருஷமா ஒரு மையத்துல கவுன்சலரா இருக்கேன். ஒன்பது மாசம் குடிக்காம இருந்த என் கிளையன்ட் மறுபடி குடிச்சு, போன மாசம் இறந்துட்டார். அவர் கடைசியா பண்ணின போனை நான் எடுக்கல. வேலையை விட்டுரலாம்னு இருக்கு. (பெயர் வேண்டாம், திருநெல்வேலி)

உங்க லெட்டரை மூணு தடவை படிச்சேன் தங்கம். ராத்திரி ஒன்றரை மணிக்கு வந்த போன்னு எழுதியிருக்கீங்க, எடுத்திருந்தா என்ன ஆயிருக்கும்னு எனக்கும் தெரியாது, யாருக்கும் தெரியாது. எனக்கும் அப்படி ஒரு போன் இருக்கு, பதினோரு வருஷம் ஆச்சு, அந்த நம்பரை இன்னும் அழிக்கல.

டிரெயினிங்ல ரீலாப்ஸ் பத்தி, அதாவது நிறுத்தினவர் மறுபடி பழக்கத்துக்கு திரும்பறதைப் பத்தி, உங்களுக்கு எல்லாம் சொல்லியிருப்பாங்க. புகையை சொந்தமா விட்டவங்களை புரோச்சாஸ்கா, டிகிளெமென்டேன்னு ரெண்டு சைக்காலஜிஸ்டுங்க கவனிச்சப்போ அவங்க சராசரியா மூணு நாலு தடவை முயற்சி பண்ணித்தான் நிலைச்சு நின்னாங்கன்னு படிச்சிருப்பீங்க. ஒரு பெக் போட்டதும் "எல்லாம் போச்சு, இனி என்ன"ன்னு மனசு உடைஞ்சு முழு பாட்டிலுக்கு போற அந்த இடத்தைத்தான் ஆலன் மார்லட்ங்கற சைக்காலஜிஸ்ட் 1985லயே எழுதி வெச்சார். இதெல்லாம் கிளையன்ட்டுக்குன்னு நினைச்சு படிக்கறோம். அதே "எல்லாம் போச்சு" இப்ப உங்களுக்குள்ள ஓடிட்டு இருக்கு பாருங்க, ஒரு கேஸ் போனதும் மொத்த வேலையும் வீண்னு.

உங்க மையத்துல சூப்பர்விஷன்னு ஒண்ணு இருக்கான்னு கேக்கணும். ரெஜிஸ்டர் செக் பண்றதை சொல்லல, வாரம் ஒரு மணி நேரம் சீனியர் ஒருத்தர் உங்க கேஸை மட்டும் கேக்கறது, அப்புறம் உங்களையும் கேக்கறது. பல மையத்துல அது கிடையாது, ஒரு கவுன்சலர்கிட்ட நாப்பது பேரை குடுத்துட்டு டார்கெட் கேக்கறாங்க, இளம் பிள்ளைங்க ரெண்டே வருஷத்துல கரைஞ்சு போறாங்க, எனக்கு இதுல ரொம்ப கோவம் உண்டு. இல்லன்னா நீங்களே வெளிய ஒருத்தரை பிடிங்க, படிச்ச காலேஜ் மேடமா இருந்தாலும் சரி. இந்த கேஸை முதல் நாள்ல இருந்து அவங்க முன்னாடி சொல்லுங்க, அழுகை வந்தா அழுங்க. சொந்த போன் நம்பரை கிளையன்ட்டுக்கு குடுக்காதீங்க, மையத்து நம்பரும், 14446ங்கற போதை மீட்பு ஹெல்ப்லைன் நம்பரும் எழுதிக் குடுங்க. பத்து நாள் லீவ் கேளுங்க, முடிவை அதுக்கப்புறம் எடுங்க.

அவர் மனைவி உங்களை பாக்கணும்னு சொல்லி அனுப்பினதா எழுதியிருந்தீங்க, போகலாமா வேணாமான்னும் கேட்டிருந்தீங்க. போங்க. தனியா போகாம கூட வேலை பாக்கற ஒருத்தரை கூட்டிட்டு போங்க, கேஸ் ஃபைல் எதுவும் கையில வேணாம், அவங்க பேசி முடிக்கற வரைக்கும் உக்காந்திருங்க.